காற்று போகும் வழியில் ஒரு திருநீற்றுப் பொட்டலம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி அணி சாம்பியன் பட்டத்தைக் கோட்டைவிட்டது. காரணம்... அடியேன்தான்.

கெடாவின் பீடோங்கில் உட்கார்ந்துகொண்டு வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு அரட்டை அடிக்கிற எனக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தம், என் அண்ணன் மகள் யமுனா. கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறாள். அவளும் சக மாணவர்கள் எட்டுப் பேருமாகச் சேர்ந்து ஒரு மின்சாரப் பந்தயக் காரைக் கட்டியிருக்கிறார்கள். ஒரே இருக்கை. கூரை கிடையாது. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னாலேயே பேட்டரிப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு யமுனாதான் பொறுப்பு.

சத்தமே இல்லாமல் என்ன பந்தயம் என்று முதலில் நான் கிண்டல் அடித்தவன். உலகப் போட்டிகளைப் போனில் காட்டி அவள்தான் எனக்குப் புரிய வைத்தாள்.

"அழுத்திக்கிட்டே போறவன் ஜெயிக்க மாட்டான் சித்தப்பா. முன்னால போறவன்தான் காத்த எதுத்து ஓட்டணும், அவனுக்கு கரண்ட் சீக்கிரம் தீந்துடும். சாம்பியனுங்கள பாருங்க, பின்னாலயே ஒட்டிக்கிட்டு வருவாங்க. மிச்சம் வச்சு, கடைசியிலதான் ஏறுவாங்க."

அங்கே பட்டமும் இரண்டு உண்டாம். ஓட்டுநருக்கு ஒன்று, அணிக்கு ஒன்று. ஓட்டுநரின் முகம் ஊருக்கே தெரியும். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு திரையையே வெறித்துக்கொண்டிருக்கும் ஆட்களின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நானும் பார்த்ததில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் கடைசிச் சுற்று, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் நடந்தது. விடுமுறை நாளில் காலியாகக் கிடந்த ஒரு பெரிய கார் பார்க்கில் தடுப்புகள் வைத்து ஓடுதளம் அமைத்திருந்தார்கள். தளத்தை இருபது முறை சுற்ற வேண்டும். புள்ளிக் கணக்கில் எங்கள் அணிதான் முன்னால். முதல் மூன்று இடத்துக்குள் வந்தாலே பட்டம் கையில். ஓட்டுநர் தினேஸ், அந்த ஒன்பது பேரில் ஒருவன், பக்கத்து ஊர் புக்கிட் செலம்பாவ் பிள்ளை. சொந்தபந்தங்கள் எல்லாம் ஒரு பஸ் பிடித்துப் போயிருந்தோம்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் யார் புது கார் வாங்கினாலும் பூஜை போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, கோயில் திருநீற்றை ஒரு பொட்டலமாக உள்ளே செருகினால்தான் எனக்கு மனசு ஆறும். சாதாரண காருக்கே அப்படி என்றால் பந்தயக் காருக்கு?

பரிசோதனை எல்லாம் முடிந்து, கார்கள் வரிசையில் நின்றன. குடும்பத்தார் படம் எடுத்துக்கொள்ள ஐந்து நிமிடம் விட்டார்கள். டாஷ்போர்டைத் தேடினேன், இல்லை. பக்கவாட்டில் ஒரு திறப்பு இருந்தது. மஞ்சள் தாளில் மடித்த திருநீற்றை அதற்குள் தள்ளிவிட்டேன். பக்கத்தில் நின்ற தினேஸின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது பேட்டரிக்குக் காற்று போகிற வழி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பதினேழு சுற்று வரை தினேஸ் அவ்வளவு அழகாக ஓட்டினான். இரண்டாவது இடத்தில் ஒட்டிக்கொண்டே வந்து, பதினேழாவதில் முன்னால் ஏறினான். நாங்கள் துள்ளிக் குதிக்கிறோம். பார்வையாளர்களைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஹெட்செட்டோடு நின்ற யமுனா மட்டும் அசையவில்லை. திரையில் பேட்டரியின் சூடு ஐம்பத்தெட்டு டிகிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறிக்கொண்டே போகிறது. அறுபதைத் தாண்டினால் தீப்பிடிக்கிற அபாயம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விஷயம். அன்று என் காதில் விழுந்தது அவள் குரல் மட்டும்தான்.

"தினேஸ், நிறுத்து... அப்புறம் சொல்றேன், இப்ப நிறுத்து. எறங்கி தள்ளிப் போ."

இன்னும் இரண்டே சுற்று. அவன் நிறுத்தினான். இறங்கினான். மற்ற கார்கள் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போயின.

அப்போது கூட்டத்தில் முதலில் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? "ஏம்மா நிப்பாட்டுன? பயந்தாங்கொள்ளி!" நான்தான். அத்தனை பேர் முன்னால். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி முகம் வாடியிருந்தது. "பேட்டரிய சரியா செக் பண்ணாம விட்டுட்டாளாம். அவளே ஒத்துக்கிட்டா. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பெட்டிய வேற ஆளுகிட்ட குடுக்கப்போறாங்களாம்" என்றார். ஒவ்வொரு செல்லாக அவள் கையால் அடுக்கிய பெட்டி அது. அதற்காக எத்தனை விடுமுறைக்கு வீட்டுக்கு வராமல் இருந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

யமுனா சமையலறையில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் ஆரம்பித்தேன்.

"நேரம் சரியில்லம்மா. இல்லாட்டி நான் திருநீறுகூட வச்சேனே..."

"எங்க வச்சீங்கன்னு எனக்குத் தெரியும் சித்தப்பா."

உள்ளே போய் எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். அதே மஞ்சள் தாள். நசுங்கி, ஓரமெல்லாம் பழுப்பேறி இருந்தது. ஃபேனுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு காற்றையே அடைத்துவிட்டதாம்.

"ஏம்மா நீ சொல்லல?"

"பேப்பர் அடைச்சிருந்துச்சுன்னு சொன்னேன். யார் பேப்பர்னு சொல்லல. பஸ் நெறைய நம்ம ஆளுங்க. அங்க சொல்லியிருந்தா உங்கள என்ன பேசியிருப்பாங்க? ஸ்டார்ட்டுக்கு முன்ன கடைசியா ஒரு வாட்டி பார்த்திருக்கணும். அது என் வேலைலா. விடுங்க."

விட முடியுமா? பயந்தாங்கொள்ளி என்று நான் கத்திய பிறகும், திரும்பி வந்த பஸ்ஸில் என் பொட்டலத்தைத் தன் பையில் மறைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கல்லூரிப் பட்டறைக்குப் போனேன். ஒன்பது பேரும் அவர்களுடைய மலாய் விரிவுரையாளரும் காரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் யமுனா எழுந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் தமிழில் ஒரு முறை சொன்னேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. மலாயில் இன்னொரு முறை சொன்னேன். அவமானத்தை இரண்டு மொழியில் சொல்லிப் பாருங்கள், இரண்டாவது தடவைதான் அதிகமாக வலிக்கும். யாராவது திட்டியிருந்தால் தேவலை. ஒருவரும் திட்டவில்லை.

"யாரு வச்சாலும் பார்க்காம விட்டது நான்தான்" என்றாள் யமுனா.

தினேஸ் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"அந்தப் பெட்டி என் முதுகுக்குப் பின்னால இருக்கு" என்றான் மெதுவாக. "பட்டம் போகும்னு தெரிஞ்சும் நிறுத்தச் சொன்னா. அவ கையில இருந்தாதான் நான் உட்காருவேன்."

அதோடு மீட்டிங் முடிந்தது. பெட்டி அவளிடமே இருக்கிறது. விரிவுரையாளர் மட்டும் என் தோளில் தட்டி, இனிமேல் குடும்பத்துக்கு இடம் கயிற்றுக்கு வெளியேதான் என்று மலாயில் சொன்னார். நியாயம்தானே?

திரும்பும் வழியில் புக்கிட் செலம்பாவில் தினேஸ் வீட்டில் இறங்கினேன். மகன் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். என்னைக் கண்டதும் அவன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேட்டரி நெருப்பு புடிச்சிருக்குமாமே அண்ணே. நீங்க வச்ச திருநீறுதான் என் புள்ளைய காப்பாத்துச்சு."

"இல்லம்மா. சூடேறுனதே அந்தப் பொட்டலத்தாலதான். வச்சது நான். சாமி மேல குத்தமில்ல. உங்க புள்ளைய காப்பாத்துனது யமுனா."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ல அந்தப் பொண்ணு என் பக்கத்துலதான் உக்காந்து வந்துச்சு அண்ணே. என் புள்ள பட்டத்த கெடுத்துட்டாளேன்னு நான் மூஞ்சிய திருப்பிக்கிட்டு வந்தேன். ஒரு நன்றி சொல்லலையே..."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மன்னிப்பை இரண்டு மொழியில் கேட்டுவிட்டு வந்திருந்தேன்... நன்றியை நானும் சொல்லியிருக்கவில்லை.