சுப்பு சாரின் மிச்சக் காற்று

சுப்பு சாரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் ஏறிவிட்டது. அழுத்தவில்லை, சுவரில் பல்லி இருப்பதுபோல் சும்மா இருந்தது. கிள்ளிப்பாலம் திருப்பத்தில் ஒரு பஸ் உரசுவதுபோல் வர, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பேங்க் அதிகாரி அம்மாள் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டாள். “மூச்சை விடுங்கோ,” என்றார் பக்கத்து சீட்டிலிருந்து ஓட்டப் பழக்கும் சுப்பு சார், ஜன்னலைப் பார்த்தபடியே. “வண்டி பெட்ரோல்ல ஓடறதாக்கும். உங்க மூச்சுல இல்லை.”

வலியசாலையில் அவர் வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளை மாருதிக்கு முன்னாலும் பின்னாலும் தகர எல் போர்டு, சணல் கயிற்றால் கட்டியது. ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. அந்தக் கயிற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது. பழகுகிறவர் தேறிவிட்டார் என்று தோன்றும் நாளில், கம்பி நட்டு ஹெச் வடிவில் ஓட்டிப் பழகும் மைதானத்தில் வைத்து முன்போர்டை அவிழ்த்து அவர் மடியில் போடுவார். “மதி, போறும். டெஸ்டுக்குத் தேதி வாங்குங்கோ.” தேறாதவர், “சார், அடுத்த வாரம் போகலாமா?” என்று கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். கைக்குட்டையால் போர்டைத் துடைத்து, முடிச்சை இன்னொரு தடவை இழுத்து இறுக்குவார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முடிச்சோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

மூன்று தடவை முடிச்சு இறுக்கப்பட்டவன் சத்தியநேசன். குமரிக் கடற்கரைக்காரன், கோவளத்தில் சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் இறங்கக் கற்றுக்கொடுக்கிறான். முப்பது மீட்டர் ஆழம் போய் வருகிறவனுக்கு நாலு கம்பிகளுக்கு நடுவே ரிவர்ஸ் வரத் தெரியவில்லை. “ஒரு கம்பிதானே சாரே தட்டிச்சு?” “கம்பி இருந்த இடத்துல கொழந்தை நின்னா?” நாலாவது முறை போர்டு மடியில் விழுந்தபோது அவன் சிரித்தான். “ஒருநா எங்கூட கடலுக்கு வரணும் கேட்டியளா. அங்க நான் சாரு, நீங்க லேனர்ஸ்.”

விளையாட்டாகத்தான் போனார், நாற்பத்தேழு வயதில். ரப்பர் உடைக்குள் பூணூல் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. கரையில் முதல் பாடம். “இங்க பெரிய சட்டம் ஒண்ணுதான். மூச்ச அடக்கப்பிடாது. என்ன வந்தாலும் இழுக்கணும், விடணும். அடக்கிட்டு மேல வந்தா காத்து பெருத்து நெஞ்சைக் கிழிச்சிரும்.” அதையே அச்சடித்த தாளில் சுப்பு சார் கையெழுத்தும் போட்டார்.

தண்ணீர் தலைக்கு மேல் மூடியதும் அவர் உடம்பு தனக்குத் தெரிந்த இடத்துக்கு ஓடியது. எட்டு வயதில் பூணூல் போட்ட நாள் முதல் சந்தியாவந்தனத்தில் பழகிய இடம். இழு, நிறுத்து, மனசுக்குள் மந்திரம் ஓடி முடியட்டும், விடு. பயம் அடங்கியது. கரையேறியபின் சத்தியநேசன் காற்று மீட்டர்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். இருநூறில் தொடங்கிய முள் மற்றவர்களுக்கெல்லாம் ஐம்பது, அறுபது என்று படுத்திருக்க, சாருடையது நூற்றிருபதில் நின்றது. “சாருக்குச் செவுளு உண்டும் மக்களே!” என்று படகுக்காரர்கள் வரைக்கும் கேட்கக் கத்தினான்.

மூச்சை அடக்கியதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஊராரைத் தேறினவர், தேறாதவர் என்று பிரித்தே பழகியவரை யாரும் எதற்காகவும் மெச்சியதில்லை. பாராட்டு உப்புத்தண்ணீர் மாதிரி காதுக்குள் போய்விட்டது. தலையைச் சாய்த்துத் தட்டினாலும் வெளியே வரவில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள். பன்னிரண்டு முறை இறங்கினார். ஒவ்வொரு முறையும் அதே நூற்றிருபது. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் நெற்றி பிளக்கும் தலைவலி. வெயில் என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்வார். “ஜலத்துக்குள்ள போய் மூச்சைப் பிடிச்சுண்டு உக்காரறதுக்கு ஆத்துக் கூடத்துலயே உக்காரலாமே,” என்றாள் மனைவி நாகலக்ஷ்மி, காப்பியை வைத்துவிட்டு. அவள் கேலிக்குத்தான் சொன்னாள். அவர் அன்று காப்பியைக் குடிக்கவில்லை.

கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு பாறை இருக்கிறது. சத்தியநேசன் அதைத் தூரப்பாறை என்பான். இருபத்தெட்டு மீட்டர் ஆழம், ஆளை இழுக்கும் நீரோட்டம். “வேற ஆளுன்னா இருபது தடவையாவது இறங்காம அங்க கொண்டு போகமாட்டேன். சாருக்குத்தான் காத்து நிக்குதே.” டிசம்பரில் ஒரு ஞாயிறு குறித்தான். சுப்பு சார் மாருதிக்குள் உட்கார்ந்து அந்தத் தேதியை உதட்டசைத்துச் சொல்லிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் அஸ்வதியும் உண்டு. சாலை கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வேலப்பனின் மகள், கல்லூரிப் பெண். அவள் முள் நாற்பதுக்கு மேல் நின்றதேயில்லை. “பிள்ளே, நீ காத்தைக் குடிக்கியா, திங்கியா? சாருகிட்ட கேட்டுப் படி,” என்பான் சத்தியநேசன். கேட்டாள். “அங்கிள், சத்யமாட்டு சொல்லுங்க. எப்படியாக்கும் இது?”

“மனசு ஒடுங்கினா மூச்சு ஒடுங்கும்மா,” என்றார் சுப்பு சார். கோயில் பிரசங்கத்தின் குரல் அது. தன் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு அவருக்கே காது மடல் சுட்டது.

அவள் மனசை நம்பவில்லை, கண்ணை நம்பினாள். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மீட்டரில் அவர் பின்னால் மிதந்தபடி, அவர் வாயிலிருந்து குமிழிகள் எப்போது வருகின்றன, எப்போது வரவில்லை என்று பார்த்தாள். பிறகு தானும் அடக்கினாள். நிறைந்த நெஞ்சு பலூனாகி அவளை மேலே தூக்கியது. பயத்தில் இன்னும் இறுக்கினாள். சத்தியநேசன் பாய்ந்து அவள் கால் துடுப்பைப் பிடித்து, விடு, விடு என்று கையசைத்து மெல்ல மேலே கொண்டுவந்தான். படகில் அவள் இருமினாள், மூக்கிலிருந்து ரத்தம். ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்து நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

“ஆயிரம் தடவை சொன்னேனே பிள்ளே! ஆரு உனக்கு மூச்ச அடக்கப் படிச்சுத் தந்தது?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் அஸ்வதி சுப்பு சாரை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் தன் செருப்பைப் பார்த்தாள். “ஆருமில்ல சேட்டா. நானாட்டு செஞ்சது.”

“அப்ப நீ இனி படகுல ஏறாண்டாம்.”

அவளுடைய துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுப்பு சார் நின்றார். துண்டில் சிவப்பு ஒரு நாணயமளவு. வாயைத் திறந்தார். மூச்சை மட்டும் விட்டார்.

அந்த வாரம் ஒரு பையன் கம்பியைத் தட்டியபோது “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டார். பையன் நம்பமுடியாமல் திரும்பிப் பார்த்தான். காலையில் சந்திக்கு உட்கார்ந்து மூக்கைப் பிடித்தார். ஏதோ ஈரம் படுவதுபோல் விரலை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

தூரப்பாறை ஞாயிறு வந்தது. கலங்கரை விளக்கத்தின் கீழே மணலில் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. படகில் ஏற்கெனவே இரண்டு பேர். அஸ்வதி கடன் வாங்கிய முகக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வந்து, ஒதுங்கி நின்றாள்.

“சாரே, ரெடியா?”

“சத்யா, அந்தக் குட்டிக்குப் படிச்சுக் குடுத்தது நானாக்கும்.”

“மனசு ஒடுங்கணும்னுல்லா சொன்னிய?”

“அது பொய். நான் மூச்சை அடக்கறேன். மொதல் நாள்லேர்ந்து. அவ அதைப் பாத்துட்டா. பாத்தும் சொல்லலை.”

சத்தியநேசன் மீட்டரைக் கையில் எடுத்து, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப அந்த நூத்திருபது?”

“அதுவும்தான்.”

“நான் முள்ளைப் பாத்தேன் சாரே,” என்றான் அவன் சன்னமாக. “குமிழியைப் பாக்கல்ல.” அப்புறம் கடலைப் பார்த்தான். அஸ்வதியிடம் சொன்ன அதே சொல்லை அவன் இப்போதும் சொல்லவேண்டியிருந்தது. தன் சாரிடம் அது வரவில்லை.

சுப்பு சார் அவனைக் காக்கவைக்கவில்லை. ரப்பர் உடையோடு, வெறுங்காலில், மணலைத் தாண்டி மாருதி நின்ற இடத்துக்குப் போனார். முன்போர்டை அவிழ்த்து எடுத்துவந்தார். தன் சிலிண்டருக்கு முன் முழங்காலிட்டு, கைக்குட்டை இல்லாததால் உள்ளங்கையாலேயே தகரத்தைத் துடைத்தார். சிலிண்டரின் கழுத்தைச் சுற்றிச் சணலைக் கட்டினார். எல்லோரும் பார்க்க, முடிச்சை இன்னொரு தடவை இழுத்து இறுக்கினார்.