ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அரோகரா

முன்னால் சாமிகள் உட்கார்ந்திருக்கும், பின்னால் குட்டிச்சாத்தான்கள் கத்தும், நடுவில் ஒருத்தி மட்டும் ரோட்டைப் பார்ப்பாள். அது என்ன? பள்ளிக்கூட வேன். யோசிக்காமல் விடை சொன்னவர்கள் என்னைப் போலவே வேன் ஓட்டிச் சீரழிந்தவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள்.

கண்ணாடி

வேன் வாங்கியபோது டாஷ்போர்டில் ஒரு பிள்ளையார் மட்டும் வைத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஏஞ்சலின் அம்மா ஸ்டெல்லா முன் கண்ணாடியில் ஒட்ட ஒரு பைபிள் வசன ஸ்டிக்கரோடு வந்தாள். அதைப் பார்த்துவிட்டு, இர்பானின் அப்பா, கோழிக்கடை காதர் பாய், ஒரு பிறை ஸ்டிக்கர் கொடுத்தார். பிள்ளையார் தனியாகிவிட்டார் என்று கார்த்திக்கின் அம்மா வளர்மதிக்குக் கவலை. துணைக்கு ஒரு முருகனையும் ஓர் அம்மனையும் ஒட்டினாள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: எல்லா சாமியும் ஒண்ணு. ஒட்டும்போது மட்டும் அடுத்தவர் சாமியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒட்டினார்கள்.

வருடா வருடம் எஃப்.சி.க்கு வண்டியைக் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். டயரைப் பார்க்கவில்லை, பிரேக்கைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றவர் நின்றபடியே கேட்டார்: "இத்தினி பேரு உன்னைப் பாத்துக்கினு இருக்காங்க, சரி. நீ ரோட்டை எப்படிம்மா பாக்கறே?"

பாட்டு

கண்ணாடியிலிருந்து உரித்த பக்தி ஸ்பீக்கருக்குப் போனது. காலையில் முருகன் பாட்டு கேட்டால் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறும் என்றாள் வளர்மதி. ஸ்டெல்லா, இயேசு பாட்டாக நிரப்பிய பென் டிரைவை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். காதர் பாய் மட்டும், சத்தம் குறைவாக இருந்தால் போதும் என்றார். நான் ஒரு நாள் அது, ஒரு நாள் இது என்று போட்டேன். என் நியாயத்தை நானே மெச்சிக்கொண்டேன். வாய்ப்பாட்டை வருடம் முழுக்க மறக்கிற பிள்ளைகள் இரண்டையும் ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

முதலில் வெடித்தது கோயிலில். பூசாரி நெற்றியில் விபூதி பூசியதும் கார்த்திக் கைகூப்பி, "ஸ்தோத்திரம்" என்றிருக்கிறான். பூசாரி இன்னும் கொஞ்சம் விபூதி பூசினாராம். வளர்மதி என்னைத் திட்டி முடிப்பதற்குள் ஸ்டெல்லா வந்துவிட்டாள். "செல்விக்கா, எங்க ஊட்ல பாஸ்டரு கண்ண மூடி ஜெபம் பண்ணி முடிக்கிறாரு. எல்லாரும் ஆமென் சொல்றோம். இந்த ஏஞ்சலு மட்டும் அரோகராங்கறா. பாஸ்டரு கண்ணத் தொறந்து முதல்ல இன்னா பாத்தாரு தெரியுமா? என்னிய."

நீதி

இன்னொரு தரம் இப்படி நடந்தால் ஏஞ்சலை மணவாள நகரில் அத்தை வீட்டில் விட்டு அங்கேயே படிக்க வைத்துவிடுவேன் என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். அவளுக்கும் புருஷனுக்கும் காலை ஷிப்ட். அவர்கள் தெருவுக்கு என் வேனை விட்டால் வேறு வண்டி கிடையாது. ஏஞ்சலும் கார்த்திக்கும் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே சீட். விஷயம் தெரிந்த அன்று இருவரும் ஜன்னல் பக்கத்துக்குச் சண்டை போடவில்லை. எனக்கு அது நன்றாகப் படவில்லை.

பெற்றோர்கள் கூடிப் பேசினார்கள். சாமிப் பாட்டே வேண்டாம், நீதிக்கதை போடு, நீதி எல்லாருக்கும் பொது என்றார்கள். போட்டேன். முதல் கதையிலேயே ஒரு கோழி, எல்லா உயிரிடமும் அன்பாக இருங்கள் என்று அழுதபடி சொன்னது. மறுநாள் காலை காதர் பாய் வேனை மறித்தார். "கதையில கோழி பேசுதாம்மா? எம் புள்ள கடைக்கு வந்து கூண்டு கூண்டா சலாம் சொல்லிக்கினு நிக்கிறான். நான் யாவாரம் பண்றதா, கோழிங்களுக்கு சமாதானம் சொல்றதா?"

பஞ்சு

கதையையும் நிறுத்தினேன். பிள்ளைகள் கவரைப்பேட்டை வரை அமைதியாக வந்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை. இர்பான் முருகன் பாட்டை எடுத்துக்கொடுத்தான், கார்த்திக் அதைக் கொண்டுபோய் அல்லேலூயாவில் சேர்த்தான், ஏஞ்சல் டிபன் பாக்ஸில் தாளம் போட்டாள். ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தான் இருக்கிறது. இவர்களுக்கு எங்கே இருக்கிறது?

அது ஸ்டெல்லா காதுக்கும் போனது. திங்கட்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு, ஏஞ்சலின் துணிப்பையோடு ஸ்டாப்பில் நின்றாள். மணவாள நகர் போகப் புறப்பட்டிருந்தாள். கார்த்திக்கை ஏற்றிவிட வந்த வளர்மதி அந்தப் பையைப் பார்த்ததும் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எம் புள்ள ஸ்தோத்திரம் சொன்னா சொல்லிட்டுப் போறான், நீ பொண்ண அனுப்பாதே என்றாள். ஸ்டெல்லா கையை உதறவில்லை. ஆனால் மனம் இறங்கவும் இல்லை.

தன் கைப்பையைத் திறந்தாள். கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் மெஷின் சத்தத்துக்காக அவள் தினமும் காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சு உள்ளே இருந்தது. அதில் இரண்டு உருண்டை உருட்டி மகளிடம் நீட்டினாள். "இத்த காதுல வெச்சிக்கினு வேன்ல போறியா, இல்ல அத்தை ஊட்டுக்குப் போறியா? நீயே சொல்லுடி."

ஏஞ்சல் பஞ்சை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினாள். ஓர் உருண்டையைத் தன் ஒரு காதில் வைத்தாள், மற்றதைக் கார்த்திக்கின் ஒரு காதில் வைத்தாள்.