பார்க்காத பத்து நிமிடம்

படப்பை தியேட்டரில் இரண்டாம் பாகம் தொடங்கியதும், பழைய படத்தின் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் காட்டினார்கள். கொலைகாரன் கையில் விலங்கோடு ஜீப்பில் ஏறினான். அவன் பிடிபட்டது எனக்கு அதுவரை தெரியாது.

முதல் பாகத்தை ஒன்பது வயதில், வாலாஜாபாத்தில் காலைக் காட்சியாக அப்பாவோடு பார்த்தேன். பீடிப் புகையும் மூத்திர வாடையும் கலந்த தியேட்டர். திரையில் அவன் இரண்டு முறை கதவைத் தட்டி "நான்தான்" என்பான், திறந்தவர்கள் செத்துப்போவார்கள். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே, செகண்ட் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க அப்பா என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அவன் மாட்டுவானாப்பா?"

"எங்க மாட்டுறது. இங்கதான் சுத்திக்கினு கீறான். யார் தட்னாலும் தொறக்காத."

அம்மாவும் வேலைக்குப் போவாள். வீட்டில் தனியாக இருக்கும் மகளுக்கு அவர் போட்டுவைத்த பூட்டு அது.

மறுவாரம் ஒரு மாலை, கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. "பாப்பா, நான்தான்." குரல் கம்மி, வேறு யாருடையதோ போலிருந்தது. நான் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டேன். நெஞ்சு வலியென்று பாதி ஷிப்டில் வந்த அப்பா, அம்மா வரும்வரை வாசலிலேயே கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

படம் முடிந்து வெளியே வந்ததும் கணவர் கேட்டார். "இன்னா, மொத பார்ட் மாதிரி இல்லல்ல?"

"மொத பார்ட்ட நான் முழுசா பாக்கலங்க" என்றேன்.