ஆணி அடிக்காத வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். அக்கா இருந்திருந்தால் நீங்கள் இதைப் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, "படிச்சிட்டீங்கன்னா அட்டையக் குடுத்துட்டுப் போங்க, கெட்டியா நல்லா இருக்குது" என்று கேட்டிருப்பார். அடுத்த முறை நீங்கள் வரும்போது அந்த அட்டை ஒரு பறவையாகிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் படித்தபின் எறிந்துவிடாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா பிறந்தது மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றின் கரையோரக் கிராமத்தில். குத்தகை நிலத்தில் கரும்பு போட்ட குடும்பம். கரும்பு வெட்டினால் அடுப்பு எரியும், வெட்டாவிட்டால் அப்பாவின் முகம் எரியும். அப்படிப்பட்ட வீட்டில் அழகு என்று ஒரு பேச்சு எப்படி முளைத்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காதான் முளைக்க வைத்தார். உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, இளகியதும் வளைத்து, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிச் சங்கிலியாக்கி, வாசலுக்குத் தோரணம் கட்டினார். பிறகு ஊரில் எவர் வளையல் உடைந்தாலும் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்கு மறக்காது. "இந்தப் பச்ச கீழத்தெரு. இந்தச் செவப்பு மாமியாரோட சண்ட. இது இன்னாத்துக்கு ஒடைஞ்சதுன்னு கேக்காத, நீ சின்னப் பையன்" என்பார். காற்று வந்தால் ஊர்ச் சண்டை எல்லாம் சேர்ந்து கிணுகிணுக்கும்.

மாமா கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்தார். கல்யாணமானதும் அக்காவும் மலையேறிப் போனார். ஒரே அறை. பனி இறங்கும் சுவர். கடைகண்ணி இல்லாத இடத்தில் அக்கா தரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். உதிர்ந்த கொட்டை, காய்ந்த சுரைக்குடுக்கை, மூங்கில் சிம்பு எல்லாம் மடியில் ஏறின. கொட்டைகளைத் துளைத்து நூலில் கோத்து ஜன்னலுக்குத் திரையாகத் தொங்கவிட்டார். சாமைக் கொல்லைக்குப் போகும் வழியில் நின்று பார்த்த மலைக்காரப் பெண் ஒருவர், "இத்தினி கொட்டயக் கோத்து வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற, யாரு திங்கறது?" என்றாராம். "கண்ணு தின்னுட்டுப் போவுது வுடுங்க" என்றாராம் அக்கா. மறுநாள் அந்தப் பெண்மணி ஒரு முறம் நிறையக் கொட்டை கொண்டுவந்து, "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு" என்று கேட்டதை மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மகள் செல்வியின் படிப்புக்காகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தார்கள். மாமா ஓர் ஓட்டலில் அடுப்படிக்குப் போனார். இனி வாடகை வீடுகளின் காலம். குடியிருந்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர்கள் வாயில் முதலில் வருவது வாடகை அல்ல, "செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்பதுதான். முதல் வீட்டில் மாமா காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்துவிட்டார். காரை பெயர்ந்தது. வீட்டுக்காரர் வந்து அந்த இடத்தைக் காயம்பட்ட குழந்தையைத் தடவுவது போலத் தடவிக்கொண்டே தெருவே கேட்கும்படி பேசிவிட்டுப் போனார். அவர் போனபிறகு அக்கா மாமாவிடம் சுத்தியலை வாங்கிப் பரண்மேல் வைத்தார். "இனிமே எந்த வூட்டுச் செவுத்துலயும் நம்ம ஆணி எறங்காது" என்றார். இறங்கவில்லை.

அன்று தொடங்கியதுதான் கயிறு. ஜன்னல் கம்பியில் ஒரு முனை, எதிர்ச்சுவரின் காற்றுப்போக்கிக் கம்பியில் மறுமுனை. அறைக்குக் குறுக்கே தலைக்குமேல் கயிறு ஓடும். அதில்தான் வீடே தொங்கும். வளையல் தோரணம், கொட்டைத் திரை, வயர் கூடையில் வெங்காயம், பாட்டிலில் படரும் கொடி, அழைப்பிதழிலிருந்து வெட்டிய பிள்ளையார்கள். கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது, கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். மின்விசிறியைப் போட்டால் எல்லாம் ஆடும். வீடே மெல்ல மூச்சு விடுவது போலிருக்கும். நான் ஓரூரில் கால் தரிக்காதவன். எத்தனையோ அறைகளில் படுத்துத் தூக்கம் வராமல் எழுந்து நடந்திருக்கிறேன். அந்த ஆடும் கூரையின் கீழே மட்டும் படுத்ததும் தூங்கிப்போவேன். நான் ஆடுவதற்குப் பதில் வீடு ஆடிக்கொள்ளும்.

வீடு மாற்றச் சொன்னால் கயிற்றை அவிழ்த்தால் போதும். பொழுது சாய்வதற்குள் வேறொரு தெருவில் அதே வீடு நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய இரும்புக் கடை. கடைக்கார பாய் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "அக்கா வராங்க, தராச உள்ள வையுங்கப்பா" என்பார். அக்கா குப்பையிலிருந்து ஒரு சைக்கிள் ரிம்மை இழுப்பார்.

"இத எட போடாதீங்க பாய். இது இரும்பு இல்ல, வெளக்கு."

"இது எப்ப வெளக்காச்சி?"

"நாளைக்கி ஆவும். வந்து பாருங்க."

பாய் உண்மையிலேயே வந்து பார்த்தார். ரிம்மைச் சுற்றிக் கிழிந்த பட்டுப்புடவைக் கரை, நடுவில் பல்பு. அதற்குப் பிறகு நல்ல ரிம் வந்தால் அவரே தனியாக எடுத்துவைக்கத் தொடங்கினார். பழுதான தையல் மிஷினின் இரும்புக் கால் மேசையானது. லாரி டயர் கயிறு சுற்றிக்கொண்டு முக்காலியானது. தேர்தல் முடிந்து கிழிந்த ஃபிளெக்ஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, காரை உதிராமலிருக்கப் பரணுக்கு மேல் விரித்தார். கீழிருந்து பார்த்தால் சுத்த வெள்ளை. மேல்பக்கத்தில் ஒரு தலைவர் யாருக்கும் தெரியாமல் கூரையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சித்திக்குத்தான் இது பிடிக்காது. "அடுத்தவங்க தூக்கிப் போட்டத உள்ள கொண்டாராதடி, அவங்க பீடையும் கூடவே வரும்" என்பார். "பீடைய வாசல்லயே புளி போட்டுத் தேச்சிக் கழுவிட்டுத்தான் கொண்டாறேன் சித்தி. நீங்களும் கால் கழுவிக்கினுதான வந்தீங்க" என்பார் அக்கா. சித்தி இந்த மலரைப் படிப்பார். அன்று அவர் கோபித்துக்கொள்ளாமல் இரண்டாம் டம்ளர் காபி கேட்டதையும் எழுதிவிடுகிறேன்.

அக்காவின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது வளர்ந்து முடித்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கடைசியில் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எந்த வீட்டுக்கு? கிராமத்து வீடு பங்காளிகளுக்குள் பிரிந்து, பிரிந்த இடத்தில் இடிந்தும் போயிருந்தது. வண்டியில் ஏற்றும்போது அக்காவே சொன்னார்: "என் வூட்டுக்கே கூட்டினு போங்க. கண்ணத் தொறந்தா என் கயிறு தெரியணும். மூடிட்டா மூடினதுதான்."

அது வாடகை வீடு. வாடகை வீட்டில் குழந்தை பிறக்கலாம், கல்யாணம் நடக்கலாம், உயிர் போகக் கூடாது. எவரும் எழுதி வாங்கிக்கொள்ளாத நிபந்தனை அது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் மகனுக்குத் தை மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தார். போதாததற்கு அடைப்பு வேறு. சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் அந்த வீட்டைப் பல மாதம் பூட்டிப் போட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். நான் தினமும் காலையில் கயிற்றில் தொங்கும் காலண்டரின் தாளைக் கிழித்து, அன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இன்னாடா அது, தெனம் பாக்கற? எனக்கு பஸ் டைம் பாக்கறியா?"

நான் தாளைக் கசக்கினேன். "இல்லக்கா, சும்மா."

"நல்ல பஸ்ஸாப் பாரு. நின்னுக்கினு போவ முடியாது, சீட்டு இருக்கணும்" என்றார்.

சிரிப்பு அடங்கியபின் மெதுவாகக் கேட்டார்: "மாடிக்காரரு ஏதாச்சும் சொன்னாராடா?" நான் இல்லை என்றேன். சொல்லவில்லைதான். ஆனால் படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் எங்கள் கதவுக்கு நேரே அவர் செருப்பு நிதானிக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தையில் அக்காவைக் கட்டிலோடு வெளியே எடுக்க வேண்டிவரும். அந்த வார்த்தைக்காகத்தான் நாங்கள் காதைத் தீட்டியபடி இருந்தோம்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்சம்மா ஒரு காலையில் குளுக்கோஸ் ஏற்ற வந்தார். பாட்டிலைக் கயிற்றில் கட்டினார். மின்விசிறி சுழன்றது, கயிறு ஆடியது, பாட்டில் ஆடியது, கையிலிருந்த ஊசி இழுபட்டது. விசிறியை நிறுத்தினால் அக்காவுக்கு மூச்சு முட்டியது. "ஒரு ஆணி கூடவா இல்ல இந்த வூட்ல?" என்று நர்சம்மா நான்கு சுவரையும் பார்த்தார். கடைசியில் மாமா பாட்டிலைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தானை மேல்வரைக்கும் போட்டிருந்தார். சொல்ல வந்த முகம்.

"இன்னாங்க இது, கையில புடிச்சிக்கினு நிக்கறீங்க?"

"மாட்ட எடம் இல்லீங்க" என்றார் மாமா.

"செவுத்துல ஒரு ஆணி அடிச்சி மாட்டறதுதான?"

கண்ணை மூடியபடியே அக்கா சொன்னார்: "நீங்கதான அண்ணே வாணான்னீங்க."

அவர் சுவரைப் பார்த்தார். கொட்டைத் திரையை விலக்கிப் பார்த்தார். பிள்ளையார்களின் பின்னால் பார்த்தார். ஒரு ஓட்டை இல்லை. இத்தனை வருடமும் இந்தத் தொங்கல்களுக்குப் பின்னால் சுவர் சல்லடையாக இருக்கும், காலி பண்ணும்போது பூசிக்கொள்ளலாம் என்றே நினைத்திருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அவர் திரும்பி மாடிக்குப் போனார். போச்சு என்று மாமா என்னைப் பார்த்தார். செருப்புச் சத்தம் திரும்பவும் இறங்கி வந்தது. அவர் ஒரு கையில் சுத்தியல், மறு கையில் நீள ஆணி.

"எங்க அடிக்கட்டும்?"

"காரை பேந்துடும் அண்ணே."

"பேந்தா பேந்துட்டுப் போவுது. எடத்தச் சொல்லும்மா."

அக்கா கண்ணைத் திறந்தார். அவ்வளவு நோவிலும் அந்தக் கண் சுவரை அளந்த விதத்தை நான் பார்த்தேன். "கொஞ்சம் எடப்பக்கம். இன்னம் மேல. இன்னம்." இவ்வளவு உயரம் பாட்டிலுக்கு வேண்டாம் என்றார் நர்சம்மா. "இருக்கட்டும்மா, அப்பறம் ஒதவும்" என்றார் அக்கா. ஆணி இறங்கியது. கொஞ்சம் காரை உதிர்ந்தது. யாரும் அதைத் தடவவில்லை.

மாமா கையை இறக்கித் தேய்த்துக்கொண்டே, "ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றார்.

"ஒண்ணுமில்ல. மோட்டார் போட்டீங்களான்னு கேக்க வந்தேன்" என்றார் வீட்டுக்காரர். வாசல்வரை போனவர் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்கியும் கூட்டினு போவாதீங்க தம்பி. இங்கயே இருக்கட்டும். அடைப்பா இருந்தா அடைச்சிட்டுப் போறோம், வூடு எங்க ஓடிடப் போவுது?" என்றார். அக்காவுக்குப் பாம்புக் காது. அன்று மத்தியானம் பல நாளுக்குப் பிறகு கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதன்பிறகு அந்தச் செருப்புச் சத்தம் வெறும் செருப்புச் சத்தமாகிவிட்டது.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் செல்வி தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா போனார். கண் கயிற்றின்மேல் இருந்தது. வளையல்கள் மேலே கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு அடைப்பு இல்லை. பஸ் டைமை என்னைவிட அவருக்கு நன்றாகப் பார்க்கத் தெரிந்திருந்தது. அழுதோம். ஆனாலும் சொல்கிறேன், அழுகைக்கு அடியில் ஒரு பெருமூச்சு இருந்தது. கேட்ட இடத்தில், கேட்டபடி, யாரும் நகர்த்தாமல்.

தையில் மாடியில் கல்யாணம் நடந்தது. வீட்டுக்கார அம்மா தாமே இறங்கி வந்து வளையல் தோரணத்தைக் கேட்டு வாங்கிப்போய்ப் பந்தல் வாசலில் கட்டினார்கள். மாமாவும் செல்வியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். கயிற்றையும் அவிழ்க்கவில்லை.

ஊசி குத்தினாலும் வலிக்காமல் பேசிய நர்சம்மாவுக்கும், அன்று கடையடைத்துவிட்டு வந்து கடைசிவரை நின்ற பாய்க்கும், அடுப்பு எரியாத நாட்களில் பாத்திரம் பாத்திரமாக அனுப்பிய தெருக்காரர்களுக்கும், அழைக்காமலே மலையிலிருந்து இறங்கி வந்த பெண்களுக்கும், ஓர் ஆணிக்காக வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. உங்கள் கடனைத் தீர்க்க எங்களிடம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வாருங்கள், டயர் முக்காலியில் உட்காருங்கள்.

உட்கார்ந்ததும் எதிரில் பார்ப்பீர்கள். பதினாறாம் நாள் அக்காவின் படத்தை எங்கே மாட்டுவதென்று மாமா கையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது அந்த ஆணி இருந்தது. ஜன்னல் வெயில் காலையில் முதலில் விழும் இடம். வாசலில் நுழைகிறவருக்கு நேராகத் தெரியும் உயரம். படம் அதில் அளந்தெடுத்தது போல் உட்கார்ந்தது. மின்விசிறியைப் போட்டால் இன்றும் வீடு முழுக்க ஆடுகிறது. அக்கா மட்டும் ஆடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.