நகராத புள்ளிகள்

வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்களைப் பழுது பார்ப்பதுதான் தேசப்பனின் தொழில். ஆரணிப் பக்கம் நாற்று நட்ட குடும்பம். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையைப் பெருக்க வந்தவர், பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டார்.

பட்டறை அலமாரியில் வளையாத உலோகக் குழாய் ஒன்று கிடக்கிறது. அந்தக் காலத்து நோயாளி அண்ணாந்து அதை விழுங்க வேண்டுமாம். பிறகு வந்தது, மயிரைவிட மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்த வளையும் குழாய். இப்போது நுனியிலேயே கேமரா. தேசப்பனுக்குக் கைவந்தது நடுவில் வந்த இழைக்குழாய்தான்.

இழை ஒன்று முறிந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி விழும். வேலை முடிந்ததும் குழாயை வெள்ளைத்தாளுக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்புவார். புள்ளி அசையாமல் நின்றால் முறிந்த இழை. நகர்ந்தால் தாளில் உள்ள அழுக்கு.

மனைவி சின்னப்பொண்ணு ஆடியிலிருந்தே சோற்றைப் பாதியில் வைத்துவிடுகிறாள். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயின. கேஸ் என்றாள், அவரும் அப்படியே நம்பினார். மலம் கறுப்பாகப் போன பிறகுதான் திருவள்ளூரில் ஒரு நர்சிங்ஹோமுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்தது, போன வாரம் அவரே உறை மாற்றிக் கொடுத்த பழைய இழைக்குழாய்.

"இன்னாய்யா, எவன் வாயிலயோ போய் வந்தத எனக்கு உடப்போறாங்களா? கய்வித்தான குடுத்த?" என்றாள் சின்னப்பொண்ணு.

"கய்வாம குடுப்பனா? வாய மூடு."

"வாய மூடிக்கினா எப்டி உடுவாங்க?"

டாக்டர் பிரின்சி சிரித்துவிட்டார். "நீங்களும் உள்ள வாங்க தேசப்பன். உங்க வேலைய நீங்களே பாருங்க."

தொண்டையில் மருந்தடித்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழாயை இறக்கினார்கள். கண்வைத்துப் பார்க்கும் முனையில் மாட்டிய கேமரா வழியே படம் திரையில் விரிந்தது. ஓரத்தில் கடுகு சிதறினாற்போல் மூன்று புள்ளிகள். தேசப்பனுக்குப் பழக்கமானவை. குழாய் இன்னும் உள்ளே போனதும் நடுவில் நான்காவதாக ஒன்று வந்து நின்றது.

உறை மாற்றும்போது இழையை முறித்துவிட்டோம் என்று நினைத்தார். முறித்திருக்க வேண்டும் என்று வேண்டவும் செய்தார். தன் கைவேலை கெட்டிருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அதுவே முதல் முறை.

டாக்டர் திரைப்பக்கம் குனிந்தார். கைப்பிடியின் சக்கரத்தை மெல்லத் திருப்பினார். ஓரத்துப் புள்ளிகள் மூன்றும் நின்ற இடத்திலேயே நின்றன. நான்காவது திரையின் குறுக்கே நகர்ந்து போயிற்று. அதைச் சுற்றித் தடித்த விளிம்பு ஒன்றும் கூடவே போயிற்று.

"கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறேன்," என்றார் டாக்டர், அவரைப் பார்க்காமலே.

குழாய் வெளியே வந்ததும் சின்னப்பொண்ணு கடைவாயைத் துடைத்துக்கொண்டாள். மரத்த நாக்கோடு கேட்டாள்: "இன்னாய்யா, உன் டியூபு ஒய்ங்கா வேல செஞ்சுதா?"

"செஞ்சுது," என்றார் தேசப்பன்.