பாதி செத்த லைன்

அம்சவேணியின் குரலைத் தெரியாத ஆள் அந்தத் தங்கச் சுரங்கத்தில் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்கள்தான் கம்மி. காதுக் கருவியை மாட்டிக்கொண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தாளானால், மானேஜராவது மண்ணாங்கட்டியாவது, எல்லோருக்கும் ஒரே அதட்டல்தான். "இன்னா சார், வாய்ல வெத்தலையா? துப்பிட்டுப் பேசுங்க." துரைத்தனம் காட்டும் அதிகாரிகள்கூட அவளிடம் வாயைத் திறந்து ஒழுங்காகப் பேசினார்கள்.

பாறைத்தூசி நெஞ்சை அடைத்து அவள் அப்பா செத்தபோது தம்பி துளசிராமன் அரை டிராயரோடு திரிந்துகொண்டிருந்தான். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்த புண்ணியத்தில் கம்பெனி அம்சவேணிக்கு எக்ஸ்சேஞ்சில் வேலை கொடுத்தது. கோலாரிலிருந்து ஒரு மாப்பிள்ளை, பேத்தமங்களாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை, இருவரையும் "எந்தம்பிக்கு யாரு சோறு ஆக்கிப் போடுவா?" என்று திருப்பி அனுப்பினாள். கொஞ்சம் திமிர்தான். அந்தத் திமிரில்தான் பையன் வளர்ந்தான். வளர்ந்து, வேறு வேலை கிடைக்காமல், கடைசியில் அவனும் ஆளிறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறிக் கீழே போனான். பூமிக்கடியில் ஒரு பம்பு அறையில், ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளும் வேலை. அவன் இறங்கிய முதல் நாள் அவள் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

பம்பு அறையில் ஒரு போன் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் மணியடிக்கும். போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பேச்சு வேண்டாம், ஒரு சுற்று போதும். 'கீறேன்க்கா', நல்லபடி இருக்கிறேன் என்று அர்த்தம். ஆபீஸ் சட்டப்படி தப்புதான். வேறு யாராவது சும்மா மணியடித்தால் காது கிழியத் திட்டுகிறவள், தம்பியின் மணி வந்தால் மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள்.

சுரங்கத்துக்குள் போன் ஒயர் இரண்டு வழியாக இறங்கியது. ஒன்று பெரிய ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழி வழி. இன்னொன்று மேற்கு ஷாஃப்ட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வரும் வழி. பெரிய ஷாஃப்ட் லைனில் ஈரம் புகுந்து சத்தம் தேய்ந்தால், அம்சவேணி அதைக் காதாலேயே கண்டுபிடித்து, "இருங்க, சுத்தி உடறேன்" என்று மேற்கு வழியில் மாட்டிவிடுவாள். லைன் முழுசாகச் செத்துவிட்டால் யாருக்கும் தெரியும். பாதி செத்த லைன்தான் ஏமாற்றும். மணி வரும், பேச்சு வராது. நாம் பேசுவது அங்கே கேட்கும், அவர்கள் பேசுவது இங்கே கேட்காது.

அறுபத்தெட்டாம் வருஷம் மெக்கானிக் பர்னபாஸ் ஓர் இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் லைன் மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். லைனில் ஓடும் கரண்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பெட்டி தானாகவே 'டக்'கென்று மேற்கு வழிக்கு மாற்றிவிடும். ஒரு நேரத்தில் ஒரு வழிதான். அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் கிடையாது.

"முழுசா சாவற வரைக்கும் காத்துக்கினு இருக்காதும்மா. பாதி செத்தாலே மாத்திடும்," என்றார் பர்னபாஸ், பிள்ளை பெற்றவர் மாதிரி பூரிப்போடு.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பேச்சுகூட அறுபடவில்லை. அம்சவேணியே ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

அடுத்த கோடையில், காலை ஷிஃப்டு நடந்துகொண்டிருந்தபோது, தரை குலுங்கியது. வீடுகளில் அடுக்கியிருந்த பாத்திரங்கள் உருண்டன. ராக்பர்ஸ்ட், கீழே எங்கேயோ பாறை வெடித்துச் சரிந்துவிட்டது. சங்கு ஊதியது. பெண்கள் தலையை முடியாமல்கூட ஷாஃப்ட்டைப் பார்க்க ஓடினார்கள். அம்சவேணியால் ஓட முடியாது, அவள் இடம் பலகைக்கு முன்னால். எல்லா மணியும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்த அந்தக் கூச்சலில் பம்பு அறை மணி அடித்தது. ஒரு சுற்று.

"துளசி! இன்னாடா ஆச்சு? பேசுடா!"

பேச்சு இல்லை. மறுபடியும் ஒரு சுற்று. லைன் பாதி செத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"டேய், நான் பேசறது கேக்குதா? ஆமான்னா ஒரு சுத்து, இல்லன்னா ரெண்டு."

ஒரு சுற்று.

"அடி பட்டுச்சா?"

இரண்டு சுற்று.

"வழி அடைச்சிக்கிச்சா?"

ஒன்று.

இன்னொரு போனில் மீட்புப் படைக்கு அதைக் கத்திச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "காத்து வருதாடா?"

இழுத்து இழுத்து, இரண்டு.

"பயமா கீதா?"

இரண்டு.

"பொய் சொல்ற நாயே," என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. அதற்கு ஒரு சுற்று வந்தது. வரவர மணியின் சத்தம் மெலிந்துகொண்டே போனதை அவள் காது கேட்டது. "பயப்படாதடா. ஆளுங்க இறங்கிட்டாங்க. உங்கக்கா எங்கயும் போவ மாட்டா, லைன்லயே கீ..."

டக்.

"ஹலோ! ஹலோ எக்ஸ்சேஞ்ச்!" பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் அத்தனை தெளிவான குரல். "மேற்கு ஸ்டேஷன்லேந்து மேஸ்திரி ராஜேந்திரன் பேசறேன்! எட்டு பேரு கீறோம், மூச்சு முட்டுது! எந்தப் பக்கம் பாறை நிக்குதுன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க!"

பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. முன்பெல்லாம் எந்த வழியில் போனாலும் பம்பு அறை கிடைக்கும். இப்போது நடுவில் பாறை விழுந்திருந்தது. மேற்கு வழி, மேற்கு ஷாஃப்ட்டின் அடியிலிருந்த ஸ்டேஷனோடு நின்றுபோயிற்று.

சங்கு கேட்டு ஓடிவந்திருந்த பர்னபாஸ் முகம் செத்துப்போய் நின்றார். கை பெட்டியின் மேல் இருந்தது. "கையால திருப்பிடட்டுமாம்மா?"

திருப்பினால் தம்பி கிடைப்பான். எட்டுப் பேருடைய குரல் போய்விடும். எந்தக் குழாயில் காற்றை விடுவது, எந்தப் பக்கம் தோண்டினால் கூரை இறங்காது என்று சொல்ல ராஜேந்திரனை விட்டால் ஆளில்லை. அவள் வாயிலிருந்து ஒரே ஒரு 'ம்' வந்திருந்தால் போதும், பர்னபாஸ் திருப்பியிருப்பார். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

"வேணாம் சார். அவங்க மேல வரட்டும்," என்றாள் அம்சவேணி. எப்படித்தான் சொன்னாளோ, பாவி!

ராஜேந்திரனை மீட்புப் படையோடு சேர்த்தாள். காற்று அனுப்பும் கொட்டகைக்கு லைன் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். நடுங்கியிருந்தால் அவளுக்காவது கொஞ்சம் லேசாகியிருக்கும். எட்டுப் பேரும் கேஜில் ஏறிவிட்டார்கள் என்ற சேதி வரும்போது மேற்குச் சன்னல் வழியாக வெயில் பலகையில் விழுந்திருந்தது. பர்னபாஸ் பெட்டியைத் திருப்பினார்.

"துளசி, அக்காடா. கேக்குதுன்னா ஒரு சுத்து."

ஒன்றுமில்லை.

"ரெண்டு சுத்தாவது சுத்துடா."

மறுநாள்தான் அவனை மேலே கொண்டுவந்தார்கள். உடம்பில் ஒரு காயம் இல்லை. காற்றில்லாமல் வெக்கையில் போயிருந்தான். வாய்க்கரிசி போடக் குனிந்த அம்சவேணி அவன் வலது கையை எடுத்துப் பிடித்தாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், தோல் உரிந்து கிடந்தது. அவளோடு அவன் சுற்றியது பத்துப் பன்னிரண்டு சுற்று இருக்கும். அதற்கெல்லாம் பம்புக்காரன் கை கொப்புளிக்காது.

"கூப்டுக்கினே இருந்திருக்கான்," என்றாள். "லைன்லயே கீறேன்னு சொன்னேன். சொல்லிட்டு, அவன உட்டுட்டுப் பூட்டேன்னு நெனச்சிக்கினே செத்திருக்கான்."

பர்னபாஸ் வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். "அளவு வெச்சது நான்தாம்மா. இன்னும் கொஞ்சம் கீழ வெச்சிருந்தா..."

"கீழ வெச்சிருந்தா அந்த எட்டு பேரு இல்ல. தப்பு உங்க மேல இல்ல சார், பெட்டி மேலயும் இல்ல. யாரு மேலயாவது இருந்தா திட்டித் தீத்திருப்பேன். இப்ப நான் யாரைத் திட்டறது?"

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அவள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். பெட்டி மாற்றட்டும், ஆனால் விட்டுவந்த லைனில் யாராவது சுற்றினால் அதற்கென்று தனியாக ஒரு மணி அடிக்க வேண்டும். பர்னபாஸ் ஒரே வாரத்தில் மாட்டிக் கொடுத்தார். அப்புறம் அவள் யாரையும் அதட்டியதில்லை. வாயில் வெற்றிலையோடு பேசினாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அது அவளுக்குப் பொருந்தவே இல்லை.

அந்த மணி மழைக்காலத்தில் சில நாள் தானாகவே அடிக்கும். ஒயரில் புகுந்த ஈரம்தான். அது பர்னபாஸுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் ரிட்டையர் ஆகிற வரைக்கும், அது அடித்த ஒவ்வொரு முறையும் அம்சவேணி அந்த லைனை எடுத்து, "லைன்லதான்டா கீறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.