கதவைத் திறந்தவள்

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். வேலையில் அப்படியில்லை, மனுஷனைச் சும்மா சொல்லக் கூடாது. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து வாய்க்கு வந்தபடி திட்டினாலும், "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று சாந்தமாகவே படியேறுவார். கோபமெல்லாம் வீட்டுக்கு வந்து துப்பறியும் நாவலைக் கையில் எடுத்த பிறகுதான். அதுவும் கடைசி அத்தியாயம் என்று தெரிந்தால் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். "பிரஷர் மாத்திரை போட்டாச்சா?"

அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். லிஃப்ட் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கதவுச் சந்தில் சிக்கிய குச்சி, தேய்ந்துபோன ரோலர், ஏதோ ஒன்று. மனுஷன் மட்டும் காரணமில்லாமல் கொலை செய்வானா? கதை முழுக்க நொண்டி நொண்டி நடந்தவன் கடைசியில் மதிலேறிக் குதிக்கிறான். பிறகு இன்ஸ்பெக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். "யாருக்குடா காது குத்துற?" என்று புத்தகத்தை விட்டெறிவார். வாடகை நூலகத்துப் புத்தகம். அட்டை கிழிந்ததற்குத் தண்டம் கட்டிவிட்டு, இன்னும் நாலு எடுத்துக்கொண்டு வருவார்.

இதே புத்தியைப் பெற்ற மகளிடமும் காட்டினாரே, அதுதான் வயிற்றெரிச்சல். போன மாதம் மகள் ஒரு பையோடு வந்து நின்றாள். அவன் அடிக்கிறான், இனி போகமாட்டேன் என்றாள். தகப்பன் என்ன செய்ய வேண்டும்? இவர் குறுக்கு விசாரணை செய்தார்.

"மொத வருஷமே அடிச்சான்னா, சித்தி வீட்டு விசேஷத்துல எப்படிச் சிரிச்சுக்கிட்டு நின்ன? நடுவுல ஒரு தடவ இங்க வந்த, அவன் கூப்பிட்டதும் ஏன் போன? ஒண்ணுக்கொண்ணு ஒட்டலையேம்மா."

மனைவி குறுக்கே வந்தாள். "நீ சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தார். மகளும் மேற்கொண்டு பேசவில்லை. பதில் இல்லையென்றால் விஷயமும் இல்லை என்று தானே முடிவு கட்டி, மருமகனுக்குப் போன் போட்டு வந்து அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டையில், நல்ல பிள்ளையாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மகள் பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று மெக்கானிக் காலையில் படித்து முடித்த நாவலை இழுத்தார்.

"இதக் கேளுங்க மாப்பிள்ள. ஒருத்தன் முந்தின நாள்தான் கழுத்த நெரிச்சிருக்கான். மறுநாள் வந்து கதவத் தட்டுறான். இவ போய்த் திறக்குறா, செத்துப் போறா. எந்தப் பொம்பளையாவது திறப்பாளா? எழுதினவனுக்கு மூளைன்னு ஒண்ணு கிடையாது."

"திறப்பா," என்றாள் மகள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்கன்னு திறப்பா. வெளியில நின்னு அழுவான், அதுக்காகத் திறப்பா. திறக்கலன்னா அப்புறம் இன்னும் மோசமாகும்னு அவளுக்குத் தெரியும். மறுநாள் விசேஷ வீட்டுக்குப் போனா சிரிக்கவும் செய்வா. சிரிக்கலன்னா ஏன்னு கேப்பாங்களே." அவள் குரல் உயரவேயில்லை. "அவ முட்டாள் இல்லப்பா."

மருமகன் நெளிந்தான். "கழுத்துல கை வச்சது ஒரே ஒரு தடவதான் மாமா," என்றான்.

மகளின் கழுத்தைப் பற்றி அந்த வீட்டில் அதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மெக்கானிக் எழுந்தார். காகிதக் கொலைகாரர்கள் மேல் இத்தனை வருடம் வீணடித்த கோபம் இப்போதுதான் உரிய ஆளைக் கண்டது. "எழுந்திருடா," என்றார். மாப்பிள்ளை மரியாதையெல்லாம் போன இடம் தெரியவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், வெளியே விட்டுக் கதவை அறைந்து சாத்தினார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, மகளின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இனி நீ எங்கயும் போக வேணாம்மா. அப்பா இருக்கேன்."

மகள் பையை அவர் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கினாள். அவள் முகத்திலிருந்த கோபத்தை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"நான் வந்து சொன்னப்ப நம்பல," என்றாள். "அவன் வாயால சொன்னதும் நம்பிட்டீங்க இல்ல?"